நூறு சதவீதம் சாவிக்காரர்

ஆண்டவன் மனிதர்களை ஒவ்வொருவராகத்தான் படைத்தான். அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவில் எத்தனை சதவீதம் பேர் மனநிறைவோடு இருக்கிறார்கள் என்று பார்க்கும் பொறுப்பைப் பயணிகள் திருப்தி அலுவலகத்திடம் விட்டுவிட்டான்.

அலுவலகம் நகரத்தின் நடுவில் ஆறு மாடிக் கட்டடத்தில் இருந்தது. பேருந்துகள் ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஓடியதா, நின்றதா என்பதை வேறொரு அலுவலகம் பார்த்துக்கொண்டது. ஓடிய பேருந்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எத்தனை சதவீதம் திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதே இவர்கள் கவலை.

அவர்களுடைய கண்ணில் சாவிக்காரர் எப்படிப் பட்டார் என்பதுதான் கதை.

சாவிக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. பூட்டுகளுக்கு மாற்றுச் சாவி செய்துகொண்டிருந்தவர். கடையை மூடிவிட்டாலும் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அவர் மனைவிக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கைகால்களைத் திரும்பப் பழக்கும் மருத்துவமனை ஒன்றில் சில மாதங்களாக இருந்தார். தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்து வரைதான் பார்வையாளர் நேரம். சாவிக்காரர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

"நீங்க வரது ரொம்ப முக்கியம்" என்று மருத்துவர் ஒருமுறை அவரைத் தனியே அழைத்துச் சொன்னார். "எங்க பயிற்சியாளர் கேட்டா அம்மா ஒரு வார்த்தைதான் பேசறாங்க. உங்களைப் பாத்தா மட்டும் தொடர்ந்து பேசறாங்க."

"பேசறது இல்லைங்க, திட்டறா."

"எதுவா இருந்தா என்ன? நாக்கு அசையுதில்ல?"

உண்மைதான். அந்த அம்மாவுக்குப் பேச்சு பாதிதான் திரும்பியிருந்தது. திட்டு முழுசாகத் திரும்பிவிட்டது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் அன்று இரண்டு புது வாக்கியம் வரும். இதைக் கண்டுகொண்ட சாவிக்காரர் வாரத்துக்கு இரண்டு நாள் வேண்டுமென்றே பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு போவார்.

மருத்துவமனைக்குப் போக ஒன்பதாம் எண் பேருந்து. அது புறப்படும் இடம் தண்ணீர்த்தொட்டி நிறுத்தம். முன்பு அங்கே ஓர் ஆலை இருந்தது. ஆலை போனதும் ஆட்களும் போனார்கள். மிஞ்சியது தண்ணீர் இல்லாத தொட்டியும், எதிரே சாவிக்காரரின் வீடும். நிறுத்தத்தில் ஏறுகிறவர் அவர் ஒருவர்தான். அடுத்த நிறுத்தமான சந்தைமுனையில்தான் கூட்டம் ஏறும். நடுவில் நல்ல ஏற்றம். சாவிக்காரரின் முழங்காலுக்கு அது மலை.

ஒரு நாள் பேருந்தில் திருப்தி அட்டை கொடுத்தார்கள். 'திருப்தி', 'திருப்தி இல்லை' என்று இரண்டு கட்டம். கீழே காரணம் எழுத ஒரு கோடு. சாவிக்காரர் வாழ்க்கையில் பெரிதாக எதைப் பற்றியும் குறை சொன்னதில்லை. ஆனால் ஓட்டுநருடைய இருக்கையின் தோல் கிழிந்து, உள்ளேயிருந்து கம்பிச்சுருள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன்மேல் மடித்த செய்தித்தாளைப் போட்டு அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்தான். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் முகம் சுளிப்பான். வாய் திறந்து கேட்க மாட்டான்.

சாவிக்காரர் 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டார். கோட்டில், 'ஓட்டுநர் இருக்கையில் கம்பி குத்துகிறது' என்று எழுதினார்.

அட்டைகள் அலுவலகத்துக்குப் போயின. அங்கே ஒரு கணினி நிரல் இருந்தது. எல்லா அட்டைகளையும் விழுங்கி, நிறுத்தவாரியாகவும் வயதுவாரியாகவும் சன்னலோரம், நடைபாதையோரம் என்றும் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சதவீதம் துப்பும். காரணம் எழுதிய கோட்டை அது படிக்காது. காரணத்துக்குச் சதவீதம் கிடையாதல்லவா? அறுபது சதவீதத்துக்கு மேல் அதிருப்தி உள்ள குழு சிவப்பு மையில் அச்சாகும். சிவப்பு மாதக் கடைசிக்குள் மறைய வேண்டும் என்பது விதி.

அந்த மாதம் நிறுத்தவாரிப் பட்டியலில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தது. தண்ணீர்த்தொட்டி: அதிருப்தி நூறு சதவீதம்.

அலுவலகத்தின் வரலாற்றிலேயே யாரும் நூறு சதவீதம் கொதித்தெழுந்ததில்லை. மின்விசிறிகள் முழு வேகத்தில் சுழல விடப்பட்டன.

இரண்டு நாள் கழித்து சாவிக்காரர் வீட்டு வாசலில் ஒரு காரும் ஒரு வேனும் வந்து நின்றன. காரிலிருந்து துணை இயக்குநர் இறங்கினார். வேனிலிருந்து ஒலிபெருக்கியும் ஐம்பது நாற்காலிகளும் இறங்கின. தொட்டிக்கு முன்னால் நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள்.

"மத்தவங்கல்லாம் எங்க?" என்று கேட்டார் துணை இயக்குநர்.

"எந்த மத்தவங்க?"

"தண்ணீர்த்தொட்டிப் பயணிகள்."

"நான்தாங்க."

"நீங்கதான் தலைவரா?"

"தலைவரும் இல்லைங்க, தொண்டரும் இல்லைங்க. ஆளே நான் ஒருத்தன்தான்."

துணை இயக்குநர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். அதில் நூறு என்று இருந்தது. எதிரே ஒன்று நின்றது. பட்டியலையே அவர் நம்பினார். உரை ஏற்கெனவே ஒப்புதல் பெற்று வந்திருந்ததால் அதை மாற்றவும் முடியாது.

"பெருந்திரளாகக் கூடியிருக்கும் தண்ணீர்த்தொட்டிப் பெருமக்களே!" என்று தொடங்கினார்.

முதல் வரிசையில் உட்கார்ந்தால் தலைக்கனம் என்று நினைத்துவிடுவார்களோ என்று சாவிக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். "உங்கள் கொந்தளிப்பை நாங்கள் உணர்கிறோம், வன்முறைக்கு மட்டும் இடம் கொடுத்துவிடாதீர்கள்" என்று துணை இயக்குநர் கேட்டுக்கொண்டபோது சம்மதமாகத் தலையசைத்தார். இடையிடையே நிறுத்தியபோது கை தட்டினார். பாவம், வெயிலில் நின்று பேசுகிறார் என்று உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் குடித்ததும் துணை இயக்குநருடைய குரல் மனிதக் குரலாகிவிட்டது. பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உங்ககிட்ட ஒரு உதவி. நீங்க ஒரு நாப்பது சதவீதம் மட்டும் திருப்தி இல்லாம இருக்க முடியுமா?"

"எப்படிங்க அது?"

"கொஞ்சம் மனசு வெச்சா முடியும்."

"மனசு ஒண்ணுதாங்க இருக்கு."

"அதாங்க பிரச்சினையே!"

சாவிக்காரருக்கு இரக்கமாகிவிட்டது. "சரிங்க, முழுத் திருப்தின்னே போட்டுக்கங்க. அந்த ஓட்டுநர் தம்பி சீட்டை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்க."

துணை இயக்குநர் பதறினார். "முழுத் திருப்தியா? நூறு சதவீதத் திருப்தி வந்தா தணிக்கை வந்துடுமே! உலகத்துல எவனும் முழுசா திருப்தியா இருக்க மாட்டான், இருந்தா அது பொய்க்கணக்குன்னு எங்க இயக்குநர் சுற்றறிக்கையே விட்டிருக்கார்."

"அப்ப சீட்டு?"

"அது எங்க வேலை இல்லைங்க. ஓட்டுநர் பயணி கிடையாதே. அவர் எந்தக் குழுவிலயும் வரமாட்டார்."

நாற்காலிகள் வேனில் ஏறின. மறுவாரம் நிறுத்தத்தில் ஒரு பலகை முளைத்தது. தண்ணீர்த்தொட்டி நிறுத்தம் அடுத்த மாதம் முதல் நீக்கப்படுகிறது. பேருந்து சந்தைமுனையிலிருந்து புறப்படும். கீழே சிறிய எழுத்தில்: பயணிகளின் திருப்தியை உயர்த்தும் பொருட்டு.

எவ்வளவு முன்னதாகக் கிளம்பினாலும் அந்த ஏற்றத்தில் தினமும் ஏற முழங்கால் விடாது; மருத்துவமனைக்கு வேறு பேருந்தும் இல்லை. அவள் யாரைத் திட்டுவாள்? சாவிக்காரருக்கு அன்று பொத்தானை மாற்றிப் போடுவதற்கு அவசியமே இருக்கவில்லை. தானாகவே மாறிப் போயிருந்தது.

மறுநாள் மதியம் அவர் அலுவலகத்துக்குப் போனார். வரவேற்பறையில் ஒரு திரை, 'தங்கள் முறை 64 சதவீதம் நெருங்கிவிட்டது' என்றது.

"எனக்கு முன்னாடி எத்தனை பேருங்க?" என்று காவலாளியைக் கேட்டார்.

"ஆள் கணக்கு இங்க சொல்றதில்லை பெரியவரே. இயக்குநர் உத்தரவு."

கூடத்தில் சாவிக்காரரைத் தவிர யாரும் இல்லை. அப்படியும் திரை வெகுநேரம் தொண்ணூறிலேயே நின்றது. கடைசியில் ஒரு பெண் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்து நின்றாள்.

"ஐயா, யாரைப் பாக்கணும்?"

"தெரியலைம்மா. நான் தண்ணீர்த்தொட்டி."

அவள் கிட்டே வந்து அவரை உற்றுப் பார்த்தாள். "நீங்கதானா அந்த நூறு சதவீதம்?" அவரைத் தன் இடத்துக்கு அழைத்துப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்து, குடிக்காத தேநீரையும் கொடுத்தாள். நிரலை எழுதியவள் அவள்தான்.

"முதல்ல நான் சதவீதத்துக்குப் பக்கத்திலேயே எத்தனை பேர்னு ஒரு வரிசை வெச்சிருந்தேங்க ஐயா. நூறு சதவீதம்னா பக்கத்துல ஒண்ணுன்னு இருக்கும். பாக்கறவங்களுக்குப் புரிஞ்சிடும்."

"பின்னே?"

"அந்த வரிசை பக்கத்தோட அழகைக் கெடுக்குதுன்னு எடுக்கச் சொல்லிட்டாங்க."

"எத்தனை பேருக்குச் சமைச்சோம்னு சொல்லாம, பாதிப் பேர் பட்டினின்னு சொன்னா எப்படிம்மா?"

அவள் சிரித்துவிட்டாள். "நானும் அதைத்தான் சொன்னேன், வேற பாஷையில. அஞ்சு பேருக்குக் குறைஞ்ச குழுவுக்குச் சதவீதமே போடாதேன்னு ஒரு வரி எழுதி வெச்சிருக்கேன். சேர்க்க அனுமதிதான் வரணும். வாங்க, இன்னிக்கு அதுக்குத்தான் குழுக் கூட்டம். நேர்ல உங்களைப் பாத்தாங்கன்னா மனசு மாறலாம்."

ஆறாவது மாடியில் நீண்ட மேசையின் தலைப்பக்கத்தில் இயக்குநர் இருந்தார். நல்ல மனிதர். தன் அலுவலகத்தைத் தவிர வேறெதிலும் நம்பிக்கை வைக்காதவர். சாவிக்காரரை அறிமுகப்படுத்தியதும் எழுந்து நின்று கைகூப்பினார்.

"வாங்க, வாங்க. உங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான் நாங்க ராத்திரி பகலா உழைக்கிறோம். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஆள் கணக்கு இருக்கே, அது ரொம்ப ஆபத்தானது. ஆளை எண்ண ஆரம்பிச்சா அவர் யாரு, வீடு எங்க, ஏன் வருத்தமா இருக்காருன்னு கேள்வி வரும். கேள்வி வந்தா பதில் சொல்லணும். பதில் சொல்ல உக்காந்தா சதவீதம் போடறது யாரு? முப்பது வருஷமா இந்த நாற்காலில இருக்கேன். ஒரு பயணியைக்கூட நேர்ல பாத்ததில்லை. அதனாலதான் எங்க கணக்குல பாரபட்சம் கிடையாது."

மேசையைச் சுற்றியிருந்த குழுவினர் மூவரும் தலையசைத்தார்கள்.

"நிறுத்தத்தை எடுக்கணுமாங்க?" என்றார் சாவிக்காரர்.

"குழு இருந்தாத்தானே அதிருப்தி? குழுவை எடுத்துட்டா அதிருப்தி எங்க நிக்கும்?" என்று இயக்குநர் அன்பாகக் கேட்டார்.

இருந்தாலும் அந்தப் பெண்ணின் ஒற்றை வரியை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சாவிக்காரரின் முகத்தைப் பார்த்த மூவரும் ஆதரவாகக் கை தூக்கினார்கள். அலுவலக விதிப்படி வாக்குகள் சதவீதமாக மாற்றப்பட்டன. ஆளுக்கு 33.3. கூட்டினால் 99.9. நிரலில் மாற்றம் செய்ய முழு நூறு சதவீத ஆதரவு தேவை.

"யாருக்கோ புள்ளி ஒரு சதவீதம் மனசு வரலை" என்றார் இயக்குநர் வருத்தத்துடன்.

"எனக்கு முழு மனசுதாங்க!" என்றார் முதலாமவர்.

"என்னைப் பாத்து ஏன் சொல்றீங்க?" என்றார் இரண்டாமவர்.

மூன்றாமவர் பேசவில்லை. அது சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தப் புள்ளி ஒன்று யாருடையது என்று கண்டுபிடிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டு, முடிவு அடுத்த காலாண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. நிறுத்தத்தை நீக்குவதற்கு வாக்கெடுப்பு தேவையில்லை. அது தானாகவே நடக்கும்.

படியிறங்கும்போது நிரல் எழுதும் பெண் மெல்லச் சொன்னாள்: "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு மறுகணக்கெடுப்பு உண்டுங்க ஐயா. வர்ற வெள்ளிக்கிழமை. அன்னிக்கு உங்க நிறுத்தத்துல இன்னும் கொஞ்சம் பேர் ஏறினா..."

"அங்க யாரும்மா இருக்கா?" என்றார் சாவிக்காரர். யாரிடமும் போய்க் கேட்கிற வழக்கமும் அவருக்கு இல்லை.

மறுநாள் காலை பலகையைக் காட்டி ஓட்டுநர் கேட்டான்: "என்ன அண்ணே இது? ஏன் எடுக்கறாங்களாம்?"

"என் ஒருத்தனால குழு கெட்டுப்போச்சாம் தம்பி. வெள்ளிக்கிழமை மறுபடி எண்ணுவாங்களாம். நீ வண்டியைப் பாத்து ஓட்டு, பள்ளம் வருது."

அன்று ஓட்டுநர் சந்தைமுனையில் ஏறிய ஒவ்வொருவரிடமும் சில்லறையோடு சேர்த்து ஏதோ ஒரு வார்த்தையும் கொடுத்தான்.

மருத்துவமனையில் மனைவியிடம் சாவிக்காரர் எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா வாய் கோணக் கேட்டுக்கொண்டிருந்தார். இடக்கையால் வலக்கை விரல்களை நீவியபடி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"கம்பி... குத்துதுன்னு... தெரியும்."

"தெரியும்."

"எத்தனை... மாசமா?"

"அது ஆச்சு, ஏழெட்டு மாசம்."

"அட்டை வரவரைக்கும்... காத்துக்கிட்டு இருந்தீங்களா? ஒரு... ஒரு மெத்தை தைக்க... அலுவலகம் வேணுமா? மனுஷன்தானே நீங்க? வீட்டுல பழைய துணி இல்ல? பஞ்சு இல்ல?"

இவ்வளவு நீளமாக அவர் பேசி எத்தனையோ காலமாகியிருந்தது. சாவிக்காரருக்குச் சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பட்டார். மறுநாள் துணியும் பஞ்சும் கொண்டுபோனார். கைப்பயிற்சிக்கு உருண்டைகளைக் கோத்துக் கோத்து அலுத்திருந்த அந்த அம்மா ஊசியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை சாவிக்காரர் கதவைத் திறந்தபோது நிறுத்தத்தில் ஒரே கூட்டம். மறுபடியும் உரையாற்ற வந்துவிட்டார்கள் என்று நினைத்து நாற்காலிகளைத் தேடினார். நாற்காலி இல்லை. எல்லாம் சந்தைமுனை முகங்கள். தினமும் பேருந்தில் பார்ப்பவர்கள், ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. மருத்துவமனைச் செவிலி, குழாய் பழுது பார்ப்பவர், ரொட்டிக்கடை அக்கா தங்கை, எப்போதும் தூங்கிக்கொண்டே வரும் கல்லூரிப் பையன்கள். ஏற்றத்திலிருந்து இறங்கி வந்திருந்தார்கள்.

"என்ன எல்லாரும் இந்தப் பக்கம்?" என்றார் சாவிக்காரர்.

"இறக்கம்தானே, சும்மா நடந்து வந்தோம்" என்றார் குழாய்க்காரர்.

"இவருக்குச் சர்க்கரை. நடக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று ரொட்டிக்கடை அக்கா சொன்னார். "இவர் கேக்கலை. இன்னிக்குத்தான் புத்தி வந்திருக்கு."

கூட்டத்தின் கடைசியில் நிரல் எழுதும் பெண் நின்றாள். "நான் இன்னிக்கு லீவு ஐயா. வெறும் பயணி."

பேருந்து வந்தது. அட்டைகள் கொடுக்கப்பட்டன. இறங்கி வந்தவர்கள் எல்லோரும் 'திருப்தி' என்று குறி போட்டார்கள். சாவிக்காரரின் அட்டையை எட்டிப் பார்த்த செவிலி அலறினாள்.

"ஐயோ, என்ன சார் மறுபடியும் 'திருப்தி இல்லை'ன்னு போடறீங்க? உங்களுக்காகத்தானே இவ்வளவும்!"

"நன்றிதாம்மா. ஆனா சீட்டு இன்னும் கிழிஞ்சுதானே இருக்கு? என் நிறுத்தத்துக்காகப் பொய் சொன்னேன்னா, நாளைக்கு அந்தப் பிள்ளை முகத்தை எப்படிப் பாக்கறது?"

பேருந்தில் எல்லோரும் ஓட்டுநரின் இருக்கையைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் அவர்களுக்கு அந்த முதுகு மட்டும்தான் தெரிந்திருந்தது. ஓட்டுநர் திரும்பவில்லை. எதிரே வண்டியோ மாடோ எதுவும் இல்லாத சாலையில் ஒரு முறை ஒலியெழுப்பினான்.

பதினான்கு பேரில் ஒருவர். தண்ணீர்த்தொட்டியின் அதிருப்தி 7.1 சதவீதம் என்று கறுப்பு மையில் அச்சானது. பலகை அகற்றப்பட்டது.

ஆறாவது மாடியில் விழா நடந்தது. "ஒரே ஓர் உரையால் 92.9 சதவீத அதிருப்தியைத் தணித்த மாமனிதர்" என்று துணை இயக்குநருக்குக் கேடயம் வழங்கி, இணை இயக்குநராக உயர்த்தினார்கள். ஏற்புரையில் அவர், கூட்டம் கட்டுக்கடங்காமல் இருந்ததாகவும், தாம் அஞ்சவில்லை என்றும் கூறினார். தண்ணீர் கொடுத்தவரைப் பற்றிச் சொல்ல நினைத்தார். ஒப்புதல் பெற்ற உரையில் அது இல்லை.

மறுவாரம் சாவிக்காரர் ஒரு துணிப்பையோடு பேருந்தில் ஏறினார். உள்ளே சதுரமான ஒரு சிறு மெத்தை. தையல் ஒரு பக்கம் மேட்டுக்கும் ஒரு பக்கம் பள்ளத்துக்கும் போயிருந்தது. விழுந்த கை தைத்த தையல்.

"என் வீட்டுக்காரம்மா குடுத்தனுப்பினா தம்பி. கோணலா இருக்குன்னு நினைச்சுக்காதே."

ஓட்டுநர் செய்தித்தாளை எடுத்துவிட்டு மெத்தையைப் போட்டு உட்கார்ந்தான். பள்ளம் வந்தது. முகம் சுளிக்கவில்லை. சந்தைமுனைக்காரர்களில் நாலைந்து பேர் அதன் பிறகும் இறங்கி வந்தே ஏறினார்கள். கேட்டால் நடைக்கு என்பார்கள். பெரியவர் தனியாக நிற்கிறார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கும் சதவீதம் கிடையாது.

அந்த அம்மா கோலூன்றி வீட்டுக்கு வந்தது அடுத்த கணக்கெடுப்புக்கு முன்னால். கணக்கெடுப்பன்று மிச்சப் பயிற்சிக்காகப் புருஷனோடு மருத்துவமனைக்குப் போக அவரும் பேருந்தில் ஏறினார். அட்டையை வாங்கி, பிடி நழுவ நழுவத் தானே குறி போட்டார். தண்ணீர்த்தொட்டியில் ஏறிய எல்லோரும் அன்று 'திருப்தி' என்றே போட்டார்கள். சாவிக்காரரும்.

நூறு சதவீதம்! அலுவலகத்தில் மீண்டும் மின்விசிறிகள் சுழன்றன. ஒரு நாள் காலை, பேருந்து புறப்படும் நேரத்தில் காரும் வேனும் ஐம்பது நாற்காலிகளும் வந்து சேர்ந்தன. கூடவே தணிக்கைக்காரர் ஒருவரும். இணை இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெருமக்களே, உண்மையைச் சொல்லுங்கள். யாருடைய தூண்டுதலால் திருப்தியாக இருக்கிறீர்கள்?"

சாவிக்காரரின் மனைவி கோலால் பேருந்தைக் காட்டினார்.

"ஏறி... அந்த சீட்டுல உக்காருப்பா."

"நான் ஓட்டுநர் இல்லையேம்மா."

"உக்காருன்னா... உக்காரணும்!"

அந்தக் குரலை மறுத்துப் பழக்கப்பட்டவர் அந்த ஊரில் யாரும் இல்லை. இணை இயக்குநர் ஏறி ஓட்டுநரின் இருக்கையில் உட்கார்ந்தார். கோணல் தையல்மேல் கையை வைத்துப் பார்த்தார். தணிக்கைக்காரர் கீழேயிருந்து, "இதை எந்தக் கட்டத்துல சார் எழுதறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"முதல்ல ஆளை எண்ணுங்க" என்றார் இணை இயக்குநர்.

அன்று ஒன்பதாம் எண் பேருந்து தாமதமாகத்தான் கிளம்பியது. அதைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.